அடைச்ச கதவு அடைச்சபடி நிற்க: கேட்ச், கீல், கொண்டி, எது எதற்கு?

எங்கள் வீட்டு அடுக்களையில் எண்ணெயும் பருப்பும் இருக்கிற கீழ் அலமாரிக்கு ஆடி மாதம் முழுக்க ஒரு காலண்டர் தாள்தான் காவல். அன்றன்றைக்குக் கிழிக்கிற தாளை நாலாக மடித்து, கதவுக்கும் சட்டத்துக்கும் நடுவில் செருகி அம்மா அடைத்துவிடுவாள். மத்தியானம் மேற்கிலிருந்து காற்று ஒரு வீச்சு வீசினால் தாள் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம். செங்கோட்டைக் கணவாய் வழியாக இறங்குகிற காற்று தென்காசி, அம்பாசமுத்திரம் தாண்டி பாளையங்கோட்டை வரைக்கும் வந்து ஒவ்வொரு அடுக்களையையும் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகும்.

கடைக்குப் போய், "நல்ல பிடியுள்ள மேக்னெட் ஒண்ணு குடுங்க" என்று வாங்கி வந்து மாட்டினேன். ரெண்டு நாள் நின்றது. அதைவிடப் பெரியது வாங்கினேன். இந்த முறை கதவு திறக்கவே இல்லை. திறக்கப் போன அம்மாவின் கையோடு கைப்பிடிதான் வந்தது. கடைசியில் வந்து பார்த்த ஆசாரி மேக்னெட்டைத் தொடக்கூட இல்லை. "அதைக் குத்தம் சொல்லாதீய தம்பி. கதவை எது தொறக்குதுன்னு பாத்தியளா?" என்று கேட்டார். நான் பார்த்திருக்கவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் எந்தச் சாமான் வாங்க வேண்டும் என்பதில் முக்கால்வாசி முடிந்துவிடும். அதனால் சாமானை விட்டுவிட்டு முதலில் கதவைப் பார்ப்போம்.

தானாகத் திறக்கிற கதவு

காற்றும் இல்லை, யாரும் தொடவும் இல்லை, கதவு பைய நகர்ந்து திறக்கிறதா? அப்படியானால் சட்டம் தூக்கில் இல்லை. மேல் கீலும் கீழ்க் கீலும் ஒரே நேர்கோட்டில், நிலத்துக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும். மேல் கீல் ஒரு நூல் அளவு அறைப் பக்கம் முன்னே வந்திருந்தாலும் கதவின் எடை அந்தப் பக்கம்தான் போகும். கொத்தனாரின் தூக்குக்குண்டைச் சட்டத்தின் மேல் முனையில் பிடித்துத் தொங்கவிட்டால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். தூக்குக்குண்டு இல்லையென்றால் நூலில் ஒரு பூட்டைக் கட்டித் தொங்கவிட்டாலும் போதும். எங்கள் வீட்டில் ஆசாரி செய்தது அதைத்தான். சட்டம் சாய்ந்திருந்தது. காற்று சும்மா ஒரு உதவி மட்டும் செய்துகொண்டிருந்தது.

சாய்வு கொஞ்சமாக இருந்தால் ஒரு சிறிய மேக்னெட் தாங்கிக்கொள்ளும். முள் கழலுகிற பழைய கீலாக இருந்தால், நடுக்கம்பியை உருவி, சுத்தியலால் ஒரு தட்டு தட்டி லேசாக வளைத்துத் திரும்பச் செருகுவார்கள். கீல் கொஞ்சம் இறுக்கமாகி, கதவு விட்ட இடத்தில் நிற்கும். சாய்வு பெரிதானால் கீலைக் கழற்றி மாட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இரண்டாவது வகை, அடைத்ததும் ஒரு விரற்கடை திரும்பி வருகிற கதவு. சாத்திக் கையை எடுத்தால் ஸ்பிரிங் வைத்ததுபோல் வெளியே வரும். இதற்குக் காரணம் பெரும்பாலும் கீலில்தான் இருக்கும். ஸ்க்ரூவின் தலை கீல் தகட்டுக்கு மேலே துருத்திக்கொண்டு நிற்கும், எதிர்த் தகட்டின் ஸ்க்ரூவில் போய் முட்டும். இல்லையென்றால் கீலை மரத்துக்குள் அளவுக்கு மீறி ஆழமாகப் பதித்திருப்பார்கள். கதவைப் பைய அடைத்துப் பாருங்கள். கடைசி ஒரு இஞ்சில் கீல் ஸ்க்ரூக்கள் அசைந்தால் இதுதான் வியாதி. ஸ்க்ரூ முட்டுவதானால் தலை சிறுத்த ஸ்க்ரூ போட்டால் தீரும். இந்தக் கதவுக்கு மேக்னெட் மாட்டுவது, முட்டுகிற ரெண்டு பேரைக் கயிற்றால் கட்டி வைப்பது போல. கொஞ்ச நாளில் கீல் ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வரும்.

மூன்றாவது, ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் அடைபடாத கதவு. மரம் ஈரத்தை வாங்கி அகல வாக்கில் ஊதும். நீள வாக்கில் அநேகமாக ஊதாது. 45 செ.மீ. அகலத்தில் முழுப் பலகையில் செய்த கதவென்றால் மழைக்காலத்தில் ரெண்டு மூன்று மி.மீ. பெருப்பது சாதாரணம். அந்த நேரத்தில் ஆசாரியைக் கூப்பிட்டு இழைப்புளி போடச் சொல்லாதீர்கள். சித்திரையில் பார்த்தால் கதவு ஒல்லியாகி, அதைப் பிடித்து வைக்கிற கேட்ச் எட்டாத தூரத்தில் நிற்கும். மழை முடிந்து தை, மாசியில் பார்த்துக்கொள்ளலாம். பிளைவுட்டில் இந்தத் தொந்தரவு ரொம்பக் குறைவு, ஏனென்றால் அதன் அடுக்குகள் ஒன்றுக்கொன்று குறுக்காக ஒட்டப்பட்டவை.

இன்னொன்றும் உண்டு, பலரும் கவனிக்காதது. ரெட்டைக் கதவு கப்போர்டில் ஒரு கதவை ஓங்கிச் சாத்தினால் மறு கதவு திறந்துகொள்ளும். வீட்டில் பேய் என்று பயப்பட வேண்டாம். உள்ளே அடைபட்ட காற்று வெளியேற வழி தேடுகிறது, அவ்வளவுதான். பின்பலகையில் ஒரு ஓட்டை போட்டால் நின்றுவிடும்.

இழுப்பது, பிடிப்பது, விடாதது

கடையில் இருக்கிற சாமான் எல்லாம் மூன்று வேலைகளில் ஒன்றைச் செய்கிறது. கதவைத் தானே இழுத்துக்கொண்டுபோய் அடைப்பது ஒன்று; ஆட்டோ குளோஸ் கீல் அந்த ரகம். அடைத்த கதவை அந்த இடத்தில் பிடித்து வைப்பது இன்னொன்று. மேக்னெட் கேட்ச், குண்டு வைத்த பால் கேட்ச், உருளை வைத்த ரோலர் கேட்ச் எல்லாம் இதில் வரும். மனிதக் கை வந்து திருப்பினாலொழிய, தள்ளினாலொழிய விடாதது மூன்றாவது. கொக்கி, டவர் போல்ட், நாதாங்கி, கொண்டி, பூட்டு இந்தக் கூட்டம்.

இரண்டாவதையும் மூன்றாவதையும் குழப்பிக்கொள்வதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. கேட்ச் என்பது இழுத்தால் விட்டுவிட வேண்டும் என்பதற்காகவே செய்யப்பட்டது. அந்த இழுப்பு உங்கள் கையா, பூனையின் நகமா என்று அதற்குத் தெரியாது. பாபநாசம், குற்றாலம் பக்கம் வீடு இருக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். குரங்கு ஒரு தடவை நீங்கள் கைப்பிடியை இழுப்பதைப் பார்த்தால் போதும், மறுநாள் கருப்பட்டி டப்பா ஓட்டின் மேல் இருக்கும். எத்தனை கிலோ மேக்னெட் போட்டாலும் அங்கே பிரயோசனம் இல்லை. சுற்றித் திருப்புகிற பூட்டோ, சாவியில்லாமல் கழற்ற முடியாத நாதாங்கியோ வேண்டும். தவழுகிற பிள்ளை இருக்கிற வீட்டில் பினாயில், ஆசிட் வைக்கிற இடத்துக்கும் இதே கதைதான்.

காற்றுக்கு எவ்வளவு பிடி வேண்டும்? சின்னக் கணக்கு ஒன்று. மணிக்கு 36 கி.மீ. வேகக் காற்று ஒரு பரப்பில் நேராக முட்டினால் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 6 கிலோ தள்ளும். 50 செ.மீ. அகலம், 60 செ.மீ. உயரமுள்ள கதவுக்கு அது 2 கிலோவுக்கும் குறைவு. கதவு ஒரு ஓரத்தில் கீலில் தொங்குவதால், மறு ஓரத்தில் இருக்கிற கேட்ச் அதில் பாதியைத் தாங்கினால் போதும், அதாவது ஒரு கிலோவுக்குள். வீட்டுக்குள் காற்று அவ்வளவு வேகத்தில் நேராக வந்து முட்டுவதும் அபூர்வம். ஆகவே அடுக்களைக் கதவுக்குச் சின்னக் கேட்சே தாராளம். அதே அகலத்தில், ஆளுயரத்தையும் தாண்டி மொத்தம் 2 மீட்டர் உயரம் போகிற துணி அலமாரிக் கதவென்றால் அதே காற்றுக்கு ஓரத்தில் 3 கிலோ வேண்டும். அதற்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ரெண்டு கேட்ச் போடுங்கள். நடுவில் ஒன்று மட்டும் போட்டால் உயரமான கதவு மேலோ கீழோ வளைந்து நிற்கும்.

அதே கணக்கின் மறுபக்கம்: கேட்சைக் கீலுக்குப் பக்கத்தில் மாட்டினால் வீண். 50 செ.மீ. கதவில் கீலிலிருந்து 10 செ.மீ. தள்ளி மாட்டிய கேட்ச், ஓரத்தில் மாட்டியதில் ஐந்தில் ஒரு பங்கு வேலைதான் செய்யும்.

மேக்னெட் கேட்ச், கொஞ்சம் கிட்டத்தில்

ஒரு மேக்னெட் கேட்சைக் கையில் எடுத்துப் பாருங்கள். வெள்ளை அல்லது பழுப்பு நிறப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் கறுப்பாக ஒரு காந்தக் கட்டி, அதன் இரு பக்கமும் ரெண்டு இரும்புத் தகடு. தகடுகளின் விளிம்பு மட்டும் முன்னால் ரெண்டு கோடாகத் தெரியும். காந்தத்தின் பலம் அந்த ரெண்டு கோட்டுக்கு வந்து சேருகிறது. கதவில் அடிக்கிற சின்ன இரும்புத் தகடு ரெண்டு கோட்டையும் ஒருசேரத் தொடும்போது வட்டம் முழுதாகிறது, பிடி இறுகுகிறது. ஒரு கோட்டை மட்டும் தொட்டால் பாதிப் பிடிகூட இல்லை.

அட்டையில் போட்டிருக்கிற கிலோக் கணக்கு, தகடு முழுதாக ஒட்டி நிற்கும்போது உள்ள பிடி. நடுவில் இடைவெளி வந்தால் அது மளமளவென்று இறங்கிவிடும். நம்பாவிட்டால் ஒரு கல்யாணப் பத்திரிகையை ரெண்டாக மடித்து நடுவில் வைத்து இழுத்துப் பாருங்கள். சத்தம் வராமல் இருக்கட்டும் என்று கதவு ஓரத்தில் ரப்பர் பொட்டு ஒட்டுகிறோமே, அது ரெண்டு மி.மீ. கனம் என்றால் மேக்னெட்டை நாமே முடமாக்கி வைத்திருக்கிறோம். கதவுக்குப் பெயிண்ட் அடிக்கும்போது தகட்டின் மேலேயும் ரெண்டு கோட் இழுத்துவிடுகிற பெயிண்டர்களும் உண்டு.

அதனால் மாட்டுகிற விதம்தான் முக்கியம். மேக்னெட்டை ஸ்க்ரூ அடிக்கிற ஓட்டை வட்டமாக இல்லாமல் நீளவாக்கில் இருக்கும். முன்னே பின்னே நகர்த்தத்தான் அது. முதலில் லேசாக மட்டும் முடுக்குங்கள். பிறகு தகட்டை மேக்னெட்டிலேயே ஒட்டவிட்டு, கதவைப் பார்க்கிற முகத்தில் கொஞ்சம் குங்குமத்தை எண்ணெயில் குழைத்துத் தடவுங்கள். கதவை அடைத்து அழுத்தித் திறந்தால் கதவில் சிவப்பாக இடம் பதிந்திருக்கும். அந்த இடத்தில் தகட்டை அடியுங்கள். அளவெடுத்துப் பென்சிலில் குறி போட்டு நான் செய்தது மூன்று தடவை தப்பியது. குங்குமம் ஒரு தடவையில் காட்டிக்கொடுத்தது. பூஜை அலமாரியிலிருந்து எடுத்ததற்கு அம்மாவிடம் பேச்சு வாங்கினேன், அது தனி. தகடு அடித்த பிறகு கதவை அடைத்து, மேக்னெட்டைத் தகட்டோடு ஒட்டும்வரை நகர்த்தி, அப்புறம்தான் ஸ்க்ரூவை முழுதாக முடுக்க வேண்டும்.

பிளைவுட்டில் ஸ்க்ரூ போடுமுன் 2 மி.மீ. பிட்டில் ஒரு சின்ன ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள், இல்லையென்றால் ஓரம் பிளக்கும். ஏற்கெனவே ஓட்டை பெரிதாகி ஸ்க்ரூ சும்மா சுற்றுகிறதா? ஈர்க்குச்சியை ஒடித்து ஃபெவிக்காலில் தோய்த்து ஓட்டைக்குள் நெருக்கமாக அடைத்து, ஒரு நாள் காயவிட்டு, வெளியே நீட்டுவதை வெட்டிவிட்டு, அதே இடத்தில் ஸ்க்ரூ போடுங்கள். தீக்குச்சியிலும் செய்வார்கள். மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த தூள்பலகையில் இது ரொம்ப நாள் தாங்காது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி வெள்ளம் புகுந்த வீடுகளில் ஊறிப்போன தூள்பலகை கப்போர்டுகளுக்கு எந்தக் கேட்சும் உதவாது. ஒருமுறை உப்பிய அந்தப் பலகை காய்ந்தாலும் பழைய கனத்துக்குத் திரும்பாது, ஸ்க்ரூவையும் பிடிக்காது.

நம் ஊர் அடுக்களைகளில் பாதி, கடப்பாக்கல் தட்டு வைத்துக் கட்டி, முன்னால் அலுமினியச் சட்டத்தில் கதவு போட்டவை. இங்கே ரெண்டு விஷயம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, ஆகவே கதவில் இரும்புத் தகடு கட்டாயம். கல்லில் மேக்னெட்டை மாட்ட ஓரத்தை ஒட்டி ஓட்டை போட்டால் கல் சில்லாகப் பெயரும். நல்ல பசையால் ஒரு மரத்துண்டைக் கல்லின் அடியில் ஒட்டி, அதில் மேக்னெட்டை ஸ்க்ரூ செய்வதுதான் எனக்குத் தெரிந்து தலைவலி இல்லாத வழி.

பால் கேட்ச் இதற்கு அண்ணன். ஒரு பித்தளைக் கூட்டில் ஸ்பிரிங்கால் உந்தப்பட்ட ரெண்டு குண்டு, அதற்கு நடுவே கதவிலிருந்து வருகிற ஒரு நாக்கு போய் டக்கென்று உட்காரும். இரு முனையிலும் இருக்கிற ஸ்க்ரூவை முடுக்கிப் பிடியைக் கூட்டலாம், குறைக்கலாம். மேக்னெட்டைவிட நன்றாகப் பிடிக்கும், ஆனால் கொஞ்சம் இடம் மாறினாலும் நாக்கு உள்ளே போகாது. மழைக்கு ஊதுகிற முழுப் பலகைக் கதவுக்கு இதைப் போடாதீர்கள். ரோலர் கேட்ச் அதே வேலையை உருளையால் செய்கிறது, பிளாஸ்டிக் உருளை தேய்ந்தால் முடிந்தது.

கீலே கேட்சாக இருந்தால்

புது மாடுலர் கப்போர்டுகளில் வெளியே தெரியாத, வட்டக் கிண்ணம்போல் கதவுக்குள் பதிகிற கீல் இருக்கும். கிண்ணம் பெரும்பாலும் 35 மி.மீ. இதற்குள்ளேயே ஸ்பிரிங் உண்டு. கதவு பாதித் தூரம் வரும்வரை ஸ்பிரிங் சும்மா இருக்கும். ஒரு புள்ளியைத் தாண்டியதும் தானே இழுத்து அடைத்துப் பிடித்துக்கொள்ளும். இது நன்றாக வேலை செய்தால் தனிக் கேட்ச் தேவையே இல்லை. சாஃப்ட் குளோஸ் என்று கூடுதல் விலைக்கு விற்பது கதவு அடைபடுகிற வேகத்தைக் குறைக்கிற சமாசாரம், பிடியைக் கூட்டுகிறது என்று நினைக்காதீர்கள்.

இந்தக் கதவு சரியாக அடைபடவில்லையென்றால் ஆளைக் கூப்பிடுமுன் ஸ்க்ரூ டிரைவரை எடுங்கள். கீலின் கையில் ரெண்டு ஸ்க்ரூ தெரியும். கிண்ணத்துக்குப் பக்கத்தில் இருப்பது கதவை இடம் வலமாக நகர்த்தும், பின்னால் இருப்பது கதவை முன்னே பின்னே கொண்டுபோகும். சட்டத்தில் பதிந்த அடித்தகட்டின் ஸ்க்ரூக்களைத் தளர்த்தினால் மேலே கீழே நகர்த்தலாம். எல்லாக் கீலிலும் ஒரே அளவு, கால் சுற்று, அரைச் சுற்றாகத் திருப்பிப் பார்க்க வேண்டும். ஒரே கீலில் முழுச் சுற்று சுற்றிவிட்டு, கதவு கோணிவிட்டது என்று சொல்லக் கூடாது.

கைப்பிடி இல்லாத, தட்டினால் திறக்கிற புஷ் கேட்ச் பார்க்க அழகு. அதை ஆட்டோ குளோஸ் கீலோடு சேர்த்து மாட்டிவிட்டு, தட்டினாலும் திறக்கவில்லை என்று நொந்தவர்களில் நானும் ஒருவன். கேட்ச் வெளியே தள்ளுகிறது, கீல் உள்ளே இழுக்கிறது. புஷ் கேட்சுக்கு ஸ்பிரிங் இல்லாத கீல் வாங்க வேண்டும். கடைக்காரர் அதை வாங்கும்போது சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

கீல் எத்தனை என்பதும் பிடியைப் பொறுத்த விஷயம்தான். சுமாராக 90 செ.மீ. உயரம் வரை ரெண்டு, 160 வரை மூன்று, 2 மீட்டருக்கு நாலு. ரெண்டு கீலில் தொங்குகிற உயரக் கதவு கொஞ்ச நாளில் தொய்ந்து, கேட்ச் ஒரு இடத்திலும் தகடு ஒரு இடத்திலும் நிற்கும்.

பழைய மர அலமாரி

கல்லிடைக்குறிச்சியில் ஆச்சி வீட்டில் சுவரோடு பதித்த தேக்கு அலமாரி இருக்கிறது. ரெண்டு கதவு. இடது கதவுக்கு உள்பக்கம் மேலும் கீழும் டவர் போல்ட், வலது கதவின் ஓரத்தில் ஒரு பட்டி, அது இடது கதவின் மேல் படிந்து நிற்கும். வெளியே ஒரே ஒரு கொண்டி. இதில் ஒரு புத்தி இருக்கிறது. இடது கதவு போல்ட்டில் அசையாமல் நிற்க, வலது கதவு அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. ஆக வலது கதவுக்கு மட்டும் பிடி இருந்தால் போதும். இப்போது பலரும் போல்ட்டைக் கழற்றிவிட்டு ரெண்டு கதவுக்கும் மேக்னெட் அடிக்கிறார்கள். ரெண்டும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு திறக்கின்றன. பழைய அலமாரியில் போல்ட்டை எடுக்காதீர்கள், துரு பிடித்தால் ரெண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

உவரி, கூட்டப்புளி, இடிந்தகரை என்று கடலோரம் இருப்பவர்களுக்குக் கூடுதலாக ஒன்று. உப்புக் காற்றில் சாதாரண இரும்புக் கீலும் ஸ்பிரிங்கும் சீக்கிரம் போய்விடும். பித்தளை, அல்லது 304 ரக எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) வாங்குங்கள். "காந்தம் ஒட்டலைன்னா நல்ல எஸ்.எஸ்." என்று கடையில் காட்டுவார்கள். விலை குறைந்த 202 ரகத்திலும் காந்தம் ஒட்டாது, ஆனால் அது கடலோரத்தில் சீக்கிரமே பழுப்பு விடும். ரகத்தைப் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். காந்தம் ஒட்டாத அதே காரணத்தால் மேக்னெட் கேட்சின் எதிர்த் தகட்டை மட்டும் 304-இல் கேட்கவும் கூடாது.

கேஸ் சிலிண்டர் வைக்கிற கப்போர்டுக்கு மட்டும் கதவு இறுக்கமாக அடைபடவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில்தான் தேங்கும். அந்தக் கதவின் அடியில் காற்றோட்டத்துக்கு இடைவெளி இருந்தே ஆக வேண்டும்.

கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாதீர்கள். கீல் மாற்றுவதானால் பழைய கீல் ஒன்றைக் கழற்றி எடுத்துப் போங்கள். கதவு சட்டத்தின் மேல் முழுதாகப் படிகிறதா, நடுச்சட்டத்தில் பாதி மட்டும் படிகிறதா, சட்டத்துக்குள்ளே உட்காருகிறதா என்று திறந்து பார்த்துவிட்டுப் போங்கள். கடையில் அதை 0 கிராங்க், 8 கிராங்க், 16 கிராங்க் என்று கேட்பார்கள், அதே வரிசையில். மாற்றி வாங்கி வந்தால் எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் கதவு அடைபடாது. பிரித்த பாக்கெட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளவும் மாட்டார்கள்.